நிலவறையில் தேங்கிய மழை

சீன தேசத்தின் வடமேற்கே உள்ளது கான்ஸு மாகாணம். அதன் தலைநகரமான லான்ஜோ மஞ்சள் நதியின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் டிங்ஷி என்னும் பிரதேசத்தை அடையலாம். ரயில் நதியை விட்டு விலகியதும் பூமியின் தோற்றமே மாறிவிடுகிறது. எங்கே நோக்கினும் மஞ்சள் நிறக் குன்றுகள்! அவை பாறைக் குன்றுகள் அல்ல. யுகயுகமாய்க் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய பொடிமண் குவியல்கள். அவற்றின் சரிவுகளை மனிதர்கள் படிப்படியாக வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள்.

நாம் அங்கே சென்ற சமயம் ஆனி மாதம். வானத்திலே ஒரு மேகத் துணுக்குக் கூட இல்லை. பாதையில் கால் வைத்தால் புழுதி கணுக்கால் வரை எழுந்தது. ஆயினும் அந்தப் படிவயல்களில் உருளைக்கிழங்குச் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. சில பூக்கவும் தொடங்கியிருந்தன. இவற்றுக்குத் தண்ணீர் ஏது என்ற கேள்வி நம் மனத்தில் எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காணுமுன் இந்நாட்டின் மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷம் முழுவதும் இங்கே பெய்வது ஏறக்குறைய 400 மில்லிமீட்டர், அதாவது சுமார் 16 அங்குலம். வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரோ அதைப்போல் பல மடங்கு. அந்தச் சொற்ப மழையிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. கிழங்கை ஊன்றுவதோ சித்திரையில். மண்ணுக்குள் பிஞ்சுக் கிழங்கு உருவாவது ஆனியில். செடிக்குத் தாகம் எடுக்கும்போது வானம் வறண்டிருக்கும். வானம் பொழியும்போது பாதிப் பயிர் வாடிப் போயிருக்கும். கிணறு வெட்டலாமே என்றால், நிலத்தடி நீர் வெகு ஆழத்தில் இருக்கிறது. பல இடங்களில் உவர்ப்பாகவும் இருக்கிறது.

இந்தக் கஷ்டம் நேற்று வந்ததல்ல. சீன சக்கரவர்த்தியின் சேனாதிபதியாகிய ஸோ ஸோங்டாங், இப்பிரதேசத்தைப் போன்ற வறண்ட பூமி வேறெங்குமே இல்லை என்று 1876-ல் விண்ணப்பம் எழுதினார். தாவ் நதியைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கே பாய்ச்சுவதற்கு 1958-ல் பெருமுயற்சி ஒன்று தொடங்கியது. திரளான ஜனங்கள் மலையை வெட்டினார்கள். பஞ்சமும் பணமுடையும் சேர்ந்து 1961-ல் அவ்வேலையை நிறுத்திவிட்டன. மறுபடி அது 2006-ல் தொடங்கி, 2014-ஆம் வருஷக் கடைசியில்தான் டிங்ஷிக்கு நதிநீர் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டு காலம் ஜனங்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள்? தங்கள் முற்றத்தின் அடியில் இருந்த குழியைத்தான்.

அக்குழிக்கு அவர்கள் இட்ட பெயருக்கு நீர் நிலவறை என்று பொருள். ஜாடியைப் போலக் குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் உடையது அது. முற்காலத்தில் உட்புறத்தைச் செங்களிமண்ணால் மெழுகுவார்கள். இக்காலத்தில் சிமெண்டுச் சாந்து பூசுகிறார்கள். ஒரு வீட்டில் அதன் மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். குளிர்ந்த காற்று நம் முகத்தில் வீசிற்று. கீழே, வெகு ஆழத்தில், தண்ணீர் மினுமினுத்தது. சென்ற வருஷம் பெய்த மழை அது! வெயில் படாததால் ஆவியாகாமல் ஆனி மாதம் வரை காத்திருந்தது.

1995-ல் கான்ஸுவில் கொடிய வறட்சி உண்டாயிற்று. அப்போது மாகாண சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. அதற்கு முன்பே, 1988 முதல், மாகாண நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் இத்துறையில் பரிசோதனைகள் செய்து வந்தனர். திட்டத்தின் பெயரே ஒன்று-இரண்டு-ஒன்று என்பது. வீட்டுக்கு வீடு 100 சதுர மீட்டர் அளவில் மழையை ஏந்தும் தளம் ஒன்று, நிலவறைகள் இரண்டு, அவற்றைக் கொண்டு பயிரிடும் நிலம் ஒரு துண்டு. சிமெண்டு வெளியிலிருந்து வந்தது. உழைப்பைக் குடும்பமே தந்தது. 1996 முடிவதற்குள் 12 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்குக் குடிநீர்க் கவலை குறைந்தது.

இதன் கணக்கு எளியது. 100 சதுர மீட்டர் தளத்தின் மீது 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் ஆகிறது. ஓட்டுக் கூரையும் சிமெண்டு முற்றமும் அதில் முக்கால் பங்கைச் சேர்த்தாலும் 30,000 லிட்டர் கிடைக்கும். வயலில் வாய்க்கால் வெட்டி மடை திறந்துவிட இது போதாது. ஆனால் உருளைக்கிழங்கு மடை நீரைக் கேட்பதில்லை. குழிக்கு ஒரு லிட்டர் ஊற்றி விதைக்கிழங்கை ஊன்றினால், 3,000 செடிகளுக்கு 3,000 லிட்டர் போதும். பிஞ்சு கட்டும் பருவத்தில் செடியின் வேரருகே மறுபடி சிறிது நீர். ஈரம் ஓடிப்போகாதபடி பாத்திகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் போர்த்துகிறார்கள். வரப்பின் மேல் விழும் துளியும் வழிந்து வேருக்கே போகிறது. அறுவடைக்குப் பின் கிழிந்த தாளைப் பொறுக்காமல் விட்டால் மண் கெடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது தண்ணீரைப் பங்கிடுவதுதான். இலையுதிர் கால மழை குறைந்த வருஷத்தில் நிலவறையும் பாதியாகவே இருக்கும். அப்போது, அடுக்களைக்கு எத்தனை வாளி, ஆட்டுக்கு எத்தனை, செடிக்கு எத்தனை என்று குடும்பம் கூடிப் பேச வேண்டும். முகம் கழுவிய நீரும் வீணாவதில்லை. வயலுக்கு மிகுதியாகக் கொடுத்தால் குழந்தைக்குக் குடிநீர் இராது. அடியோடு மறுத்தால் மாரிக்காலத்தில் உண்ணக் கிழங்கு இராது. இரண்டு நிலவறை வைத்ததன் சூட்சுமம் இதுவே: ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று வயலுக்கு.

புரட்டாசியில் கிழங்கைத் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் வறுமைக்குப் பெயர்போன டிங்ஷி இன்று சீனாவின் உருளைக்கிழங்குத் தலைநகர் என்று புகழ் பெற்றிருக்கிறது. கால்வாய் வந்தபின்னும் மேட்டு வயல்களுக்கு வானமே நீர் வார்க்கிறது. பெரிய அணைகளும் கால்வாய்களும் தேசத்திற்கு அவசியமே. ஆனால் அவை வந்து சேரும் வரையில், தன் கூரையில் விழுந்த மழையைத் தானே சேர்த்து, அளந்து, உரிய வேளையில் செடிக்கு ஊட்டிய குடியானவரின் புத்தியும் பொறுமையும் எந்தப் பெரிய அணைக்கும் குறைந்தவை அல்ல.