ஒட்டாத பலகை

பிரான்சுல 15-ஆம் நூற்றாண்டுக் கடைசியில செஞ்ச ஓக் மரப்பெட்டிகளைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் முகப்புச் செதுக்கலைத்தான் பேசுவாங்க. நியாயம்தான். தேவாலய ஜன்னல்ல கல்லை வளைச்சு வளைச்சு செஞ்சிருப்பாங்களே, அதே கூர்வளைவு, தீச்சுடர் மாதிரி நெளியுற அதே கோடு, அப்படியே மரத்துல. கல்தச்சன் டிசைனை மரத்தச்சன் சுட்டுட்டான் :-)

எனக்குப் பிடிச்சது வேற. அவ்வளவு பாடுபட்டுச் செதுக்கின பலகையை அவங்க எதோடயும் ஒட்டலை.

மரம் ஈரத்துல ஊதும், காஞ்சா சுருங்கும். நீளவாக்குல ரொம்பக் கம்மி, அகலவாக்குலதான் சேட்டை. அதுக்கு முந்தின காலத்துப் பெட்டிகள்ல அகலப் பலகைகளை நேரடியா ஆணி அடிச்சு, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினாங்க. பலகை சுருங்கப் பாக்கும், ஆணி விடாது. விரிசல்தான். அப்புறம் வந்த முறையில நாலு பக்கமும் சட்டம். ஒரு சட்டத்து முனையை நாக்கு மாதிரி செதுக்கி அடுத்த சட்டத்துத் துளைக்குள்ள செருகி, குறுக்கே மர ஆணி. சட்டத்தோட உள்ஓரத்துல ஒரு காடி. பலகை அதுக்குள்ள சும்மா உக்காந்திருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. ஊதுறதோ சுருங்குறதோ அதோட இஷ்டம், சட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது.

நான் இந்தப் பெட்டிகளைப் பாத்தது 2023-ல, பாரிஸ் க்ளூனி மியூசியத்துல. (மாசத்தோட முதல் ஞாயிறு, டிக்கெட் இலவசம். வேற காரணம் தேடாதீங்க.) கூட்டம் மொத்தமும் ஒற்றைக்கொம்புக் குதிரை போட்ட ஆறு திரைச்சீலைகளைப் பாக்க ஓடுச்சு. நான் பெட்டி முன்னாடி நின்னுட்டேன். நாலு வருஷமா நான் வேலை பாத்த அப்ளிகேஷனை நிறுத்தப் போறோம்னு அந்த வாரம்தான் மெயில் வந்திருந்துச்சு. காரணம், ஒண்ணைத் தொட்டா பத்து உடையுது. நான் சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒட்டி வெச்சிருந்தாங்க. நாலு வருஷம் சார்! அந்த மூடுல போய், பேரே தெரியாத ஒரு தச்சன் விட்டு வெச்ச இடைவெளியைப் பாத்தா எப்படி இருக்கும்? பொறாமையா இருந்துச்சு.

இத்தனைக்கும் இது பூட்டி வெச்சு அழகு பாத்த சாமான் இல்லை. துணிமணி வைக்க, மேல உக்கார, ஊர் மாறினா தூக்கிட்டுப் போக, எல்லாத்துக்கும் இதே பெட்டிதான். மரச்சாமானுக்கான பிரெஞ்சு வார்த்தைக்கே 'நகரக்கூடியது'ன்னுதான் மூலப்பொருள்.

ஆனா ஒட்டாம விட்டதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல கோதிக் மோகம் திரும்பவும் கிளம்புச்சு. அலெக்சாந்தர் து சொமெரார்னு ஒருத்தர் ஆசை ஆசையா சேர்த்த இடைக்காலச் சாமான்களை அரசாங்கம் 1843-ல வாங்கி, 1844-ல இதே க்ளூனி மியூசியத்தைத் திறந்தது. பணக்காரங்களுக்கும் வீட்டுல ஒண்ணு வேணும்னு ஆசை வந்துச்சு. வியாபாரிக்கு என்ன வேலை? மர ஆணியைத் தட்டி எடுத்தா சட்டம் கழண்டுடும், பலகை அலுங்காம வெளிய வந்துடும். உடைஞ்ச நாலு பெட்டியில இருந்து நல்ல பலகையா பொறுக்கி, புதுச் சட்டம் செஞ்சு மாட்டி, 'பழைய' பெட்டின்னு வித்தாங்க. இப்ப மர வளையங்களை அளந்து பாத்து, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல முந்நூறு வருஷ வித்தியாசம் இருந்தா கண்டுபிடிச்சுடலாம். செதுக்கல் அசல், மரம் அசல், பெட்டி மட்டும் டூப்பு.