எண்ணெய் திரும்பும் வழி

அமெரிக்காவின் மெய்ன், வெர்மாண்ட், மிச்சிகன் போன்ற காடு சூழ்ந்த மாநிலங்களில், சில ஏக்கர் நிலமும் அதை ஒட்டிய மரத்தோப்பும் வைத்திருக்கும் குடும்பங்கள் 20 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டர்களையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அவற்றின் முன்புறத்தில் இரண்டு கைகளும் ஒரு வாளியும் கொண்ட லோடர் பொருத்தப்பட்டிருக்கும். அந்த லோடருக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொதுவாக இரண்டே இயக்கங்கள்தாம் உண்டு: கைகளை உயர்த்தித் தாழ்த்துவது ஒன்று, வாளியை மடக்கிக் கவிழ்ப்பது மற்றொன்று. மண்ணும் சரளையும் எருவும் அள்ள இவை போதுமானவை. ஆனால் வெட்டிய கிளைகளையும் மரத்துண்டுகளையும் அள்ள முயன்றால் அவை பாதி வழியிலேயே சரிந்து விழுகின்றன. அவற்றை மேலிருந்து அழுத்திப் பிடிக்க ‘கிராப்பிள்’ எனப்படும் கவ்வி தேவைப்படுகிறது. அதன் தாடையைத் திறந்து மூடுவதற்காக டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து, அதாவது அழுத்தப்பட்ட எண்ணெயால் இயங்கும் அமைப்பிலிருந்து, புதிதாக ஒரு பாதையை எடுத்துத் தருவதையே இவ்வேலையைச் செய்யும் மெக்கானிக்குகள் ‘தேர்ட் ஃபங்ஷன்’, அதாவது மூன்றாம் இயக்கம், என்கின்றனர்.

இந்த வேலை டிராக்டர் விற்பனையாளர்களின் பணிமனைகளிலும், ஹோஸ் தயாரித்துத் தரும் சிறு கடைகளிலும், பல நேரங்களில் உரிமையாளரின் சொந்தக் கொட்டகையிலும் நடைபெறுகிறது. வால்வு, நான்கைந்து ஹோஸ்கள், பொத்தான் பதித்த லீவர் கைப்பிடி, ஹோஸ்களைப் பூட்டிக் கழற்றும் கப்ளர்கள் ஆகியவை ஒரே பெட்டியில் வருவதால், போல்ட்டு முடுக்கத் தெரிந்த எவரும் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது என்ற எண்ணம் எளிதில் உண்டாகிறது. கவ்விக்கு எண்ணெய் எப்படிப் போகிறது என்பதைப் பெட்டியிலுள்ள படமே காட்டிவிடும். யாரும் எந்த லீவரையும் தொடாதபோது எண்ணெய் எங்கே போகிறது என்பதை அறிந்திருப்பதே தேர்ந்த மெக்கானிக்கின் அடையாளம்.

இவ்வகைச் சிறு டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளது ‘ஓப்பன் சென்டர்’ முறை. எஞ்சின் ஓடும் வரை பல்சக்கர பம்ப் எண்ணெயை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்கும். லீவர் நடுநிலையில் இருக்கும்போது அந்த எண்ணெய் வால்வின் நடுவழியே தடையின்றிக் கடந்துசென்று, பின்புறத்தில் கலப்பையைத் தூக்கும் மும்முனை இணைப்பின் வால்வையும் தாண்டித் தொட்டிக்குத் திரும்பும். ஒரு வால்வைக் கடந்த எண்ணெய், அடுத்த வால்வின் பயன்பாட்டுக்காக அழுத்தம் தாங்கும் தனிவழியே வெளியேறுவதை ‘பவர் பியாண்ட்’ என்பர். மேல்மடையில் பாய்ந்த வாய்க்கால் நீர் கீழ்மடைக்குச் செல்வதைப் போன்றது இது. மேல்மடைக்காரர் முழுவதையும் திருப்பிக்கொண்டால் கீழ்மடை காய்வது போல, லோடரின் லீவரை முழுமையாகத் தள்ளும் நேரத்தில் அதற்குக் கீழே அமைந்த கவ்விக்கு எண்ணெய் கிட்டாது. ஹாரி ஃபெர்குசனின் மும்முனை இணைப்பு 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் இடம்பெற்றுப் பரவிய காலத்தில் எண்ணெய்க்கு இருந்த பணி பின்புறத்துக் கருவியைத் தூக்குவது ஒன்றுதான். இன்று லோடரும் கவ்வியும் அதே பாதையில் முன்வரிசையில் வந்து நிற்பதால், பின்னால் நிற்கும் பழைய பணிக்குக் குறைவு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் மெக்கானிக்கைச் சேர்ந்ததாகிறது.

மூன்றாம் இயக்கத்தின் வால்வு லோடர் வால்வுக்கும் மும்முனை இணைப்புக்கும் நடுவே பொருத்தப்படுகிறது. அதில் எண்ணெய் நுழையும் வாய், அடுத்த வால்வுக்குச் செல்லும் வாய், கவ்வியின் சிலிண்டருக்குப் போய் வருவதற்கான இரண்டு வாய்கள், தொட்டிக்குத் திரும்பும் வாய் என ஐந்து வாய்கள் உண்டு. அடுத்த வால்வுக்குச் செல்லும் வாயையும் தொட்டிக்கான வாயையும் மாற்றி இணைத்துவிட்டாலும் லோடரும் கவ்வியும் இயங்கவே செய்யும். ஆனால் நடுநிலையில் எண்ணெய் நேராகத் தொட்டிக்கே போய்விடுவதால் பின்புறத்தில் கலப்பை தூக்கப்படாது; கவ்வியிலிருந்து திரும்பும் எண்ணெய் மும்முனை இணைப்பின் பக்கம் தள்ளப்படுவதால், அழுத்தம் தாங்குவதற்காக வடிவமைக்கப்படாத தொட்டிப் பக்கத்தில் அழுத்தம் ஏறி, சீல்களைப் பிதுக்கிவிடவும் கூடும். இதைவிடக் கொடியது, அழுத்தம் எல்லை மீறும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு பாதையின் முற்பகுதியில் இல்லாமல் போவது. அப்போது போக்கிடம் அற்ற எண்ணெயைத் தள்ளும் பம்பின் உறை வெடிக்கும், அல்லது அதன் தண்டு முறியும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் ஸ்பானரை எடுப்பதற்கு முன், பம்பிலிருந்து தொட்டி வரையிலான குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொடர்ந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வீண் தாமதமாகத் தோன்றும் இந்த நேரமே வேலையின் சாரமான பகுதி.

பவர் பியாண்ட் பாதையைத் தொடாமலேயே செய்யும் மலிவான மாற்றுவழி ஒன்றும் உண்டு. வாளியை மடக்கும் இரு குழாய்களின் நடுவே ‘டைவர்ட்டர்’ எனப்படும் திருப்பு வால்வைப் பொருத்தினால், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை வாளிக்குரிய எண்ணெய் கவ்விக்குச் செல்லும். ஆண்டுக்குச் சில முறை கிளைக்குவியல் அகற்றுபவருக்கு அது தகுந்த தீர்வே. எனினும் வாளியை மடக்குவதும் தாடையை இறுக்குவதும் ஒரே நேரத்தில் இயலாது என்பதால், நாள்தோறும் மரம் தூக்குபவருக்கு அதைப் பரிந்துரைப்பது சரியன்று.

கவ்வியின் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டதாகவும் எண்ணெயின் அழுத்தம் 170 பார் ஆகவும் இருந்தால், அது ஏறத்தாழ 3,400 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். திரும்ப இழுக்கும்போது 25 மில்லிமீட்டர் தண்டு பரப்பில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால் அவ்விசை கால்பங்கு குறையும். இவ்வளவு விசையும் விரல் பருமனே உள்ள ஹோஸ்களின் வழியாகவே செல்கிறது என்பதால், ஹோஸ் செய்பவரின் கைத்திறன் மெக்கானிக்கினுடையதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. இரட்டை எஃகுக் கம்பிப் பின்னல் கொண்ட ரப்பர் ஹோஸை அளந்து வெட்டி, வெட்டும்போது உண்டாகும் ரப்பர்த் துகள் வால்வுக்குள் போய்ச் சிக்காதபடி பஞ்சுக்குண்டு ஒன்றைக் காற்றழுத்தத்தால் உள்ளே செலுத்தித் துடைத்த பின்னரே, முனையை கிரிம்பிங் இயந்திரத்தில் வைத்து நெரிக்கின்றனர். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம் அல்லது 2 சதவீதம் வரை நீளலாம் என்பதால் அதை விறைப்பாகப் பூட்டுவதில்லை. மேற்பரப்பில் நெடுக அச்சிடப்பட்ட கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்தே ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்கின்றனர். லோடர் கை மடங்கும் மூட்டில் ஹோஸ் நசுங்காதிருக்க, கையை முழுதாக உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்த பின்பே கிளாம்பு இடுகின்றனர்.

மரைகளின் குழப்பம் வேறு. ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில் பிரிட்டிஷ் நேர்மரை இருக்க, அமெரிக்க ஹோஸ் கடைகளில் 37 பாகைச் சரிவு கொண்ட முனைகளே வழக்கம். அரை அங்குல அளவில் பிரிட்டிஷ் மரைக்கும் அமெரிக்கக் கூம்புமரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்று என்பது பொது என்றாலும், மரைக்கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றொன்றில் 60 பாகை. இரண்டையும் பூட்டினால் சில சுற்றுகள் பிடிப்பது போலவே தோன்றிப் பின்னர் கசியும். கசிவை நிறுத்த டெஃப்லான் நாடா சுற்றும் வழக்கத்தைத் தேர்ந்தவர்கள் ஏற்பதில்லை, ஏனெனில் பிய்ந்துபோகும் நாடாத் துணுக்கு வால்வின் நுண்ணிய இடைவெளியில் சிக்கிக்கொள்கிறது.

இத்தொழிலாளர்களின் உடலுக்கு நேரும் ஆபத்து இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. ஊசித்துளை அளவு கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் பாயக்கூடியது. தொடக்கத்தில் முள் குத்தியது போல மட்டுமே தெரியும் அந்தப் புண்ணுக்குள் திசு அழுகத் தொடங்குவதால், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எண்ணெயை அகற்றாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். வலி குறைவாக இருப்பதாலேயே மருத்துவமனைக்குப் போகாமல் வேலையைத் தொடர்பவர்கள் உள்ளனர் என்பதுதான் இதன் கொடுமை. எனவே கசிவைக் கையால் தடவித் தேடாமல், அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சி பெறுபவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம். எந்த இணைப்பையும் கழற்றும் முன் லோடரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாத் திசைகளிலும் அசைத்து, அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றுவதும் அதைப் போலவே கட்டாயம்.

இணைப்புகள் முடிந்ததும் முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் பெயிண்டுப் பேனாவால் கோடு இடப்படுகிறது. பின்னாளில் நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, தாடையைப் பல முறை திறந்து மூடிக் காற்றை வெளியேற்றுகின்றனர். புதிய ஹோஸ்களும் சிலிண்டரும் எண்ணெயை உள்வாங்கிக்கொள்வதால், பல டிராக்டர்களில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவாக உள்ள அந்த எண்ணெயின் மட்டத்தை அளந்து, குறைந்த அளவை ஊற்றுகின்றனர். கடைசியாக, கவ்வியைக் கழற்றி வெயிலில் விட்டால் அதன் ஹோஸில் அடைபட்ட எண்ணெய் வெப்பத்தால் விரிந்து, கப்ளர் மீண்டும் பூட்டவியலாதபடி இறுகிக்கொள்ளும் என்பதையும், கழற்றும் முன் எஞ்சினை நிறுத்திவிட்டு எந்த வரிசையில் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும் என்பதையும் உரிமையாளருக்குச் செய்துகாட்டி, அவரையும் ஒரு முறை செய்யவைத்த பின்னரே வண்டியை ஒப்படைக்கின்றனர்.