பிளக்கைப் பிடுங்கிய பிறகும்...

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பசங்கள் முதல் இரண்டு வருடம் 5 வோல்ட், 12 வோல்ட் என்றே பழகிவிடுகிறார்கள். பிரெட்போர்டில் எங்கே விரல் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றைத் திறக்கும்போது, அதே விரல் அதே பழக்கத்தில் உள்ளே போகிறது. வம்பு அங்கேதான்.

230 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் டயோடு வழியாக டிசி ஆக்கினால் பெரிய கெபாசிட்டரில் நிற்பது 230 இல்லை, கிட்டத்தட்ட 325 வோல்ட். நன்றாக ஓடுகிற சப்ளை என்றால் ஆஃப் செய்ததும் சர்க்யூட்டே அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். செத்த சப்ளையில் உறிஞ்ச ஆளில்லை. ப்ளீடர் ரெசிஸ்டரும் போய்விட்டிருந்தால், பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் கழித்தும் சார்ஜ் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரிப்பேருக்கு வருவது செத்த சப்ளைதானே!

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' சத்தம் கேட்டுத் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அது போர்டுக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த வயர்களோடு வைத்துக்கொண்டால் போதும். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 5 விநாடியில் 3 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். பெரிய கெபாசிட்டருக்கு அதற்கேற்ப கூடுதல் நேரம். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை.

அடுத்தது ஆசிலாஸ்கோப். அதன் ப்ரோபில் இருக்கும் கிரவுண்ட் கிளிப், மூன்றாவது பின் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. சப்ளையின் பிரைமரி பக்கத்தில் 'கிரவுண்ட்' என்று படத்தில் போட்டிருப்பது எர்த் கிடையாது. பிரிட்ஜின் நெகட்டிவ் முனை. அதில் கிளிப்பை மாட்டினால், ஒரு அரைச் சுற்றில் லைன், டயோடு, கிளிப், எர்த் என்று நேர் ஷார்ட். டயோடு போகும், ப்ரோபும் போகலாம்.

இதற்கு ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிடு என்று யோசனை சொல்வார்கள். கேட்கவே கேட்காதீர்கள்! அப்புறம் ஸ்கோப்பின் மொத்த உலோக பாகமும் கிளிப் தொட்ட வோல்டேஜில் நிற்கும். ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட வேண்டியது ஸ்கோப்புக்கு அல்ல, சோதிக்கும் போர்டுக்கு. அதைப் போட்டாலும் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் ஷாக் உறுதி. கசிவு மின்சாரத்தைப் பார்த்து விழும் ஆர்சிசிபியும் அப்போது விழாது. ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள் விவரமானவர்கள். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருப்பது நெஞ்சு.

ரிப்பேர் செய்த போர்டை முதலில் ஆன் செய்யும்போது சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று இருக்கட்டும். பளிச்சென்று எரிந்து மங்கினால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட். பல்பு போர்டைத்தான் காப்பாற்றும், தொடுகிற ஆளை இல்லை. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது.