கொடையிலே குடை!

"கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்வார்கள். வெயிலுக்குக் குடை எடுத்துப்போகும் அதிசயத்தை இன்றுதான் பார்க்கிறேன், அத்தை!" என்று நான் சிரித்தேன். மாமியார் பதில் பேசவில்லை. கறுப்புக் குடையும் கையுமாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அது சென்ற வருஷம் சித்திரை மாதம். வத்தலக்குண்டு வரையில் வெயில் எங்களை வறுத்தெடுத்தது. மலைப்பாதையில் ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சியின் சாரல் முகத்தில் பட்டதும் வெயில் என்ற ஒன்றையே மறந்துபோனோம்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஏரிக்குப் போனோம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி அது. வானத்தில் மெல்லிய மேகம். உடம்புக்கு இதமான குளிர். நானும் என் எட்டு வயது மகளும் படகில் ஏறினோம்.

"குழந்தைக்காவது குடையைப் பிடியேன், அம்மா!" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார் மாமியார். நான் காதில் வாங்கவில்லை. படகு முடிந்ததும் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் சவாரி வேறு!

அன்றிரவு குழந்தை தூங்கவில்லை. மூக்கும் கன்னமும் பிடரியும் கன்றிச் சிவந்திருந்தன. "எரியுதும்மா!" என்று அவள் அழ, ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மாமியார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது!

குளிரும் இடத்தில் வெயில் எப்படிச் சுடும்? விடை அந்த மலையிலேயே இருக்கிறது. அங்கே சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-இல் ஏற்பட்ட நிலையம் ஒன்று உண்டு. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். மலைமேல் காற்று மெல்லியது, தூசி குறைவு, சூரியன் தெளிவாகத் தெரியும். நாம் சூரியனைத் தெளிவாகப் பார்த்தால், அவனும் நம்மைத் தெளிவாகப் பார்க்க மாட்டானா?

தோலைச் சுடுவது உஷ்ணமல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கிரணங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் அவற்றின் கடுமை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து பங்கு கூடும். மெல்லிய மேகத்தையும் அவை ஊடுருவி வந்துவிடும்.

"நம் தோல் தாங்கும்" என்கிறோம். மாநிறமும் கறுப்பும் ஓரளவு காப்புத்தான்; முழுக் கவசமல்ல. கறுத்துவிடுவோமே என்று பயந்து இதை எழுதவில்லை. கறுப்பு ஒரு குறையா என்ன? தினந்தோறும் படுகிற வெயில் தோலிலே வரவு வைக்கப்படுகிறது. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் அந்தக் கணக்கு ஏறுகிறது. பின்னால் சுருக்கமாக, திட்டுத் திட்டான கறையாக, கண் புரையாக, சிலருக்குப் புற்றுநோயாகக்கூட அது வெளிப்படலாம்.

இப்போது எங்கள் வீட்டில் பல் துலக்குவதுபோல் இதுவும் ஒரு வழக்கம். வெளியே கிளம்பக் கால் மணிக்கு முன் முகம், காது, கழுத்து, புறங்கை எல்லாவற்றிலும் எஸ்.பி.எஃப். 30 ஸன்ஸ்கிரீன், வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் மர நிழலுக்கு ஒதுங்கவேண்டும். இது என் மகளுக்குப் பிடித்த விளையாட்டு!

இந்த வருஷமும் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். மாமியார் வீடெல்லாம் குடையைத் தேடினார். காணோம்!

அது எப்போதோ என் தோளில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது.