பாஞ்சாலங்குறிச்சியின் உட்புறம்

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது. தூத்துக்குடிக்கு மாற்றலாகி வரும் சக குமாஸ்தாக்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். ஒருவரும் உள்ளே அதிக நேரம் நிற்பதில்லை. சுவரோவியங்களைப் படக்கதைபோல வரிசையாகப் பார்த்துவிட்டு நிழல் தேடுகிறார்கள். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1959-ல் வந்த சினிமாவின் தர்பாரைத்தான் மண்டபமும் நினைவூட்டுகிறது. பார்த்ததையே எத்தனை நேரம் பார்ப்பது?

அசல் கோட்டை மண்ணால் ஆனது. அதை நுணுக்கமாக வர்ணித்தவர் அதைத் தாக்கியவர்களில் ஒருவர்: கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830-ல் வெளியான அவரது ராணுவ நினைவுகளில் அளவுகூட இருக்கிறது. ஏறக்குறைய 500 அடிக்கு 300 அடி, கோணலான நீள்சதுரம், சுமார் 12 அடி உயரச் சுவர். பீரங்கிக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் 1801 மார்ச் 31 அன்று, சுவரில் உடைப்பு ஏற்படுத்திய பிறகும், படை உள்ளே நுழைய முடியவில்லை. காரணம் கொத்தளங்களின் உட்புறம். உச்சி குறுகல், அடியில் குழிவு. குழிவுக்குள் நீண்ட வல்லயங்களோடு ஆட்கள். ஏறி வருகிறவன் கண்ணுக்குக் குத்துகிறவன் தெரியமாட்டான். மே 24-ல் கோட்டை விழுந்து, உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் வெல்ஷுக்கு விஷயம் புரிகிறது. அந்தப் பக்கங்களில் வெறுப்பையும் வியப்பையும் பிரிக்க முடியாது. நம்மவர்கள் எழுத்தில் இப்படி ஒரு கட்டடப் பார்வையை நான் படித்ததில்லை. எதிரிதான் இந்தக் கோட்டைக்கு வாய்த்த விமர்சகர்.

அந்தச் சுவரும் புதிதுதான். கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை தகர்க்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஒரு வாரத்துக்குள் சுவர் எழுந்துவிட்டது. கல்லில் இது நடக்காது. வடிவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறோமே, இந்த மண்சுவரில் இரண்டையும் பிரித்துக் காட்டட்டும் யாராவது.

ஸர் வால்டர் ஸ்காட் அபட்ஸ்ஃபோர்டில் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதுவும் ஜோடனைதான். ஆனாலும் இடிக்கப்பட்ட எடின்பரோ சிறையின் பழைய கதவைப் பெயர்த்துவந்து அதில் பதித்தார். இங்கே தொல்லியல் துறை தோண்டி வெளிப்படுத்திய அசல் அஸ்திவாரங்கள் ஒரு பக்கம் வெயிலில் கிடக்கின்றன, சிமெண்டுக் கோட்டை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஒரு கொத்தளத்தையாவது மண்ணாலேயே, ஆள் இறங்கி நிற்கும்படி கட்டிக் காட்டியிருக்கலாம். வருஷா வருஷம் மழைக்குப் பின் மறுபடி பூச வேண்டியிருக்கும். அதற்குக் கணக்கில் தலைப்பு கிடையாது என்பார்கள். பாங்கில் இருக்கிறவனுக்கு அது தெரியாதா?