முப்பத்தாறு நொடித் தண்ணீர்

தொட்டிச் சுவரின் உட்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் நின்ற மட்டத்தில் போட்டது. காலை ஆறரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஃபிட்டர் அண்ணன் தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து, கோட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை சென்டிமீட்டர் எறங்கியிருக்குதுங்க சார். ஒரு ராத்திரிக்கு இது ஒண்ணுமில்ல. தொட்டி ஒழுகல."

ஒழுகலைத் தேடக் கிளம்புகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது தொட்டியைத்தான். அதுவே ஒழுகினால், அதை வைத்து எடுக்கிற அளவெல்லாம் பொய்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலை தெளிவாகத் தெரிகிற தென்னந்தோப்பு அது. ஆறு ஏக்கர், 420 மரம். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் திறக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை வந்துபோனால் அடுத்த முறைக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை மரங்களைக் காப்பாற்றுவது ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல். அந்தத் தண்ணீர் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து இன்னொரு மோட்டார் வழியாகச் சொட்டுநீர் லைனுக்குப் போகிறது.

தோட்டத்துக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய அப்பா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். "அப்பெல்லாம் வாய்க்கா உடைஞ்சா கண்ணுக்குத் தெரியுமுங்க தம்பி. நண்டு வளையில தண்ணி பூந்தா ரெண்டு கொத்து மண்ணு வெட்டிப் போட்டா முடிஞ்சுது. இப்ப குழாய்க்குள்ள போறது எங்க போகுதுன்னு யாரு கண்டா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் குழாய் ஒழுகினால் மாதக் கடைசியில் ரசீது சொல்லிவிடும். இங்கே போர் தண்ணீருக்கு மீட்டர் இல்லை, விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. எவ்வளவு ஒழுகினாலும் எந்தக் காகிதத்திலும் ஏறாது. யாராவது குனிந்து அளந்தால்தான் அது நஷ்டம் என்றே தெரியும்.

ஃபிட்டர் அண்ணனின் கணக்கு எளிமையானது. தொட்டி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 200 லிட்டர் வெளியே போயிருக்கிறது. தோப்பு மூன்று செக்‌ஷனாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செக்‌ஷனில் 140 மரம், மரத்துக்கு நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். இரண்டு மணி நேரம் ஓடினால் மரத்துக்கு 64 லிட்டர். எல்லாம் சரியாக இருந்தால் மணிக்கு 4,480 லிட்டர் போக வேண்டும். போர் மோட்டாரை நிறுத்திவிட்டு முதல் செக்‌ஷனை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டினார். தொட்டியில் 27 சென்டிமீட்டர் இறங்கியது. 5,400 லிட்டர்.

உடனே கழித்துப் பார்த்துவிட நான் நோட்டை எடுத்தேன். "இருங்க சார், டிரிப்பர் சொன்னபடி ஊத்துதான்னு மொதல்ல பாக்கணும்" என்று தடுத்தார்.

பையிலிருந்து 100 மில்லி அளவுக் குடுவை ஒன்றை எடுத்தார். மரத்தைச் சுற்றியிருந்த கறுப்பு ட்யூபைச் சற்றே தூக்கி, டிரிப்பருக்கு அடியில் குடுவையைப் பிடித்தார். இன்னொரு கையில் செல்போன், அதில் நொடி ஓடுகிறது. சரியாக 36 நொடியில் குடுவையை விலக்கினார். மணிக்கு 3,600 நொடி. அதில் நூற்றில் ஒரு பங்கு 36. குடுவையில் 80 மில்லி இருந்தால் மணிக்கு 8 லிட்டர். பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். இந்த 36-ஐ முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, கைகூப்பத் தோன்றியது. பொறியாளருக்கும் பள்ளிக்கூடம் தாண்டாதவருக்கும் ஒரே கணக்கு அது.

முதல் வரிசை, மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு வரிசை, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி வரிசை. வரிசைக்கு நான்கு இடம். மொத்தம் பதினாறு குடுவை பிடித்தார். முன்னால் 81 மில்லி, கடைசியில் 66. கடைசி வரிசையில் பிரஷர் குறைந்திருக்கிறது. பிரஷர் பாதியானால் இந்த வகை டிரிப்பரில் தண்ணீர் பாதியாகிவிடாது, பத்துக்கு ஏழு பங்காவது வரும். அதனால்தான் கடைசி மரங்களின் குறை கண்ணுக்குச் சட்டென்று படுவதில்லை. மொத்தச் சராசரி 76. அதாவது மரங்களுக்குப் போனது மணிக்கு 4,256 லிட்டர்தான். 1,144 லிட்டரைக் காணோம், ஐந்தில் ஒரு பங்கு.

தேடத் தொடங்கினோம். தினமும் லைன் பார்க்கிற அம்மா முன்னால் நடந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட, செருப்பில்லாத கால். முந்தானையில் டம்மி, ஜாயிண்டர், எண்ட் கேப் எல்லாம் முடிந்து வைத்திருந்தார். சில இடத்தில் நின்று காலால் மண்ணைத் தேய்த்துப் பார்ப்பார். "குளுகுளுன்னு இருந்தா அங்க ஒழுகுதுன்னு அர்த்தம் கண்ணு. மைனா வந்து உக்காந்தாலும் அப்படித்தான்" என்றார். அணில் கடித்த இடம் மூன்றைக் காலாலேயே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

இரண்டு மரத்தில் டிரிப்பரையே காணவில்லை. துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கெட்டை வைத்து ஒரு நிமிடம் பிடித்தார், 3 லிட்டர். மணிக்கு 180. உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். அடைத்ததை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். மரம் காயக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஒரு துளையில் கொட்டுவது இருபத்திரண்டு டிரிப்பருக்கான தண்ணீர். கடைசி வரிசையில் பிரஷர் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அணில் கடித்ததைச் சரி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடிபட்ட ஒரு விரல் நீளத்தைக் கத்தியால் நேராக வெட்டி எடுத்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ட்யூபின் முனையை அதில் முக்கி எண்ணிக்கொண்டே இருந்தார். இளகியதும் ஜாயிண்டரை உள்ளே திருகித் தள்ளினார். பிறகு, அந்த வரிசை முழுவதையும் இழுத்துக் கட்டாமல் பாம்பு மாதிரி வளைத்து விட்டார். "வெயில்ல நீளும், பனியில சுருங்கும். நூறு மீட்டருக்கு ஒரு மொழம்கூட மாறுமுங்க. விறைப்பா உட்டா விடியக்காலம் ஜாயிண்ட் கழண்டுக்கும்."

அணில் கடி, பிடுங்கிய டிரிப்பர், சரியாக மூடாத பிளஷ் வால்வு எல்லாம் சேர்த்தும் 550 லிட்டர்தான் வந்தது. பாதிகூட இல்லை. அண்ணன் மண்ணுக்கடியில் சப்மெயின் குழாய் ஓடும் பாதையில் இரண்டு முறை போய்வந்தார். எங்கும் ஈரம் இல்லை. செம்மண்ணுக்கு அடியில் சரளை. கீழே ஒழுகினால் மேலே வராது, அப்படியே இறங்கிவிடும்.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்: "அந்த ஓரத்து மரத்துக்கு மட்டும் கோடையே தெரியாதுங்க. எல்லா மரமும் குரும்பை கொட்டுறப்ப அது கொட்டாது. மட்டையும் தொங்காது." இத்தனை வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது ஒழுகலைப் பற்றிய தகவல் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. குழாய் போடச் சிறு, குறு விவசாயிக்கு அரசு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது, நல்ல காரியம். போட்ட குழாயோடு தினமும் நடக்கிறவருடைய அறிவுக்கு நம் ஊரில் ஒரு பெயர்கூட இல்லை. அது களை எடுக்கிற கூலியோடு சேர்ந்துவிடுகிறது.

மரத்தை ஒட்டி இரண்டடி தோண்டினார்கள். 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வளைகிற பெண்டில் மயிரிழைபோல ஒரு விரிசல். கரண்ட் பட்டென்று போகும்போது ஓடுகிற தண்ணீர் திரும்பி அடிக்கும். அந்த அடியை வாங்குவது பெண்டுதான். தென்னையின் வேர்கள் விரிசலைச் சுற்றிச் சடையாகப் பின்னிக் கிடந்தன. சொட்டுநீர்ப் பாசனமே இப்படி ஒரு மரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1930-களில் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர், பக்கத்து மரங்களைவிட ஓங்கி வளர்ந்த ஒரு மரத்தின் அடியில் குழாய் கசிவதைப் பார்த்தார். அதை மனதில் வைத்து வருடக்கணக்காக உழைத்தார்; 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்சோடு சேர்ந்து நெட்டாஃபிம் என்ற சொட்டுநீர் நிறுவனம் உருவாயிற்று. அந்த மரத்தின் உறவுக்காரனைப் பார்ப்பது போல இந்தத் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்டை அறுத்து எடுத்து, குழாயைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, பேஸ்ட் தடவிப் புது பெண்டைச் சொருகினார் அண்ணன். இப்போதே ஓட்டிப் பார்க்கலாமே என்றார் தோட்டத்துக்காரர். "ஒரு நாள் காயட்டுமுங்க அய்யா. அவசரப்பட்டா மறுபடியும் தோண்டோணும்."

மறுநாள் காலை மறுபடி போனேன். சாக்பீஸ் கோடு, ஒரு மணி நேரம், ஸ்கேல். 22 சென்டிமீட்டர். 4,400 லிட்டர். கடைசி வரிசைக் குடுவையில் 74 மில்லி. தோட்டத்துக்காரர் ஸ்கேலை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார்.

சாமான்களை அண்ணன் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா தயங்கியபடி வந்தார். "அந்த ஓரத்து மரத்துக்கு இனிமே தண்ணி பத்தாதே சாமி. இத்தன வருஷம் குடிச்சுப் பழகிருச்சு. வேரெல்லாம் அங்கயே கெடக்குது."

அண்ணன் பையைத் திறந்தார். துளை போடும் பஞ்ச் கருவியை எடுத்துக்கொண்டு போய், அந்த மரத்தின் வளையத்தில் மேலும் இரண்டு டிரிப்பர் பொருத்தினார். பிறகு குடுவையை எடுத்து, 36 நொடி பிடித்துப் பார்த்தார்.