அஜந்தா இருளும் கைப்பேசியின் கணக்கும்

பயணம் புறப்படுகிறவரின் தோளில் புகைப்படப் பெட்டியும் அதற்கென இரண்டு மூன்று வில்லைகளும் கனத்த காலம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியே போதும் என்பது இன்றைய வழக்கு. போதுமா என்று வினவும் அன்பர்களை நான் அஜந்தாவுக்கு அழைப்பேன். வெயிலில் எந்தக் கருவியும் நல்ல படம் தரும், சோதனை இருளில்தான்.

வாகோரா ஆற்றின் லாட வளைவில் குடையப்பெற்ற 30 குகைகளுள் முதலாவதில், கருவறை வாயிலுக்கு இடப்புறச் சுவரில், நீலத்தாமரை ஏந்திப் பத்மபாணி நிற்கிறார். ஓவியத்தின் வண்ணம் கருதி அங்கே பளிச்சொளிக்குத் தடை. அந்த மங்கலில் சாதாரண வில்லை பூட்டிய பெரிய கருவி திணற, கைப்பேசி தெளிவாகப் பிடித்துவிடுகிறது. காரணம், அது ஒரு படத்தோடு நிற்பதில்லை. ஓரிரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, கைநடுக்கத்தால் விலகியவற்றைப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, இருட்டில் தோன்றும் புள்ளிகளைச் சராசரியால் கரைத்துவிடுகிறது. வில்லையின் சிறுமையைக் கணக்கு ஈடுசெய்கிறது என்று சொல்லலாம்.

அந்தக் கணக்கைத்தான் நான் சற்று ஐயத்தோடு பார்க்கிறேன். குகைக்குள் சில நிமிடம் நின்ற பிறகே கண் இருளுக்குப் பழகும். முதலில் முத்துமாலை, பிறகு புருவத்தின் வளைவு, அதன்பின் பின்புலத்துக் குரங்குகள் என ஒவ்வொன்றாய் வெளிவரும். கைப்பேசித் திரையிலோ, கண் காணாத வெளிச்சமும் உடனே வந்து நிற்கிறது. விரலால் மிகப் பெரிதாக்கினால், இல்லாத நுணுக்கங்களைத் தானே ஊகித்து நிரப்பும் கருவிகளும் உண்டு. மலைக்காட்சிக்கு அது பொருட்டன்று. ஏறத்தாழ 1500 ஆண்டு முந்திய தூரிகைக் கோட்டுக்கு மிகவும் பொருட்டு.

இச்சுவர்களை நகலெடுக்க 1844-இல் அமர்த்தப்பட்டவர் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில். அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தீட்டிய படங்களிற் பெரும்பாலானவை லண்டனை அடுத்த சிடன்ஹாமின் பளிங்கு மாளிகையில் 1866-இல் எரிந்துபோயின. 1872 முதல் ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் மாணவர்களோடு மீண்டும் தீட்டினார். அவற்றிலும் பல 1885-இல் தென் கென்சிங்டன் தீயில் அழிந்தன. எஞ்சியவற்றில் கில் ஒரு கோட்டைப் பிறழ இட்டிருந்தால், அது கில்லின் கை என்று சுவரோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். என் படத்தில் சுவர் தந்த கோடு எது, கைப்பேசி இட்ட கோடு எது என்று எனக்கே தெரியாது.

ஆதலால் நான் பெரிதாக்கி எடுப்பதில்லை. தடுப்பு விடும் தூரம்வரை நெருங்கியே எடுக்கிறேன். திருத்தம் குறைந்த மூலப்பதிவையும் உடன் சேமிக்கிறேன். அன்றிரவே வேறோர் இடத்தில் ஒரு பிரதி. முதல் ஐந்து நிமிடம் கைப்பேசி பையிலேயே இருக்கும். கூட்டம் மிகுந்து காவலர் விரட்டும் நாளில் மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழாகும்.